நாலு தேதிக்கும் ஒரே பச்சைக் கவுன்

கூடலூர்,
14.06.2024

பெனாசிர் டீச்சருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே நலம் இல்லை. உங்கள் நலத்தை அறிகிற ஆவலும் எனக்கு இப்போதைக்கு இல்லை. நதியாவுக்காக எழுதுகிறேன்.

போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். ஏப்ரலில் உங்கள் நம்பரை பிளாக் செய்தவள் நான்தான், எடுத்துவிட மனசு வரவில்லை. எடுத்தாலும் நீங்கள் அழுவீர்கள், அதைக் கேட்டு நானும் அழுவேன், கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவேன். பெற்றோர் குரூப்பில் நான் போட்ட ஒரு வாய்ஸ் எங்கே போய் நின்றது என்று இருவருக்கும் தெரியும். "ஆறாம் வகுப்புக்காச்சும் எம்பிள்ள பள்ளிக்கூடம் போகுமான்னு கேட்டா, அடுத்த வருசம் பாப்பம்கிறாக டீச்சரு" என்றுதான் பேசினேன். அது ஆபீஸ் வரைக்கும் போய், உங்களை வருசநாட்டுக்கு மாற்றும் என்று நான் கண்டேனா? "என் வயித்துல அடிச்சிட்டீகளேக்கா" என்று போன் போட்டுக் கத்தினீர்கள். அதன் பிறகுதான் பிளாக்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தார்கள். நதியாவுக்குப் பதினொன்று முடிந்துவிட்டது. நானே யூனிபார்ம் தைத்து, இரட்டைச் சடை போட்டு, அவளுடைய அப்பா எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற ட்ரிப்பை விட்டுவிட்டு, மூன்று பேருமாக ஜீப்பில் உயர்நிலைப் பள்ளிக்குப் போனோம். ஹெச்.எம். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார்.

"அஞ்சாம் வகுப்பு முடிச்சவங்க பேரு தானாவே எங்களுக்கு ஏறிருச்சும்மா. நீங்க அலையவே வேண்டியதில்லை."

"அப்ப நாளையிலருந்து கூட்டியாரேன் சார்."

"கூட்டியாரவா? மாற்றுத்திறனாளிப் பிள்ளை, வீட்டு வழிக் கல்வியில இருக்கும்மா. பேரு இங்கன இருக்கும், பிள்ளை அங்கன இருக்கும்."

பிறகு ஒரு கோப்பை எடுத்து விரித்தார். வாரம் இரண்டு நாள் சிறப்பாசிரியர், அதாவது நீங்கள், வீட்டுக்கே வந்து பாடம் நடத்தியதாகப் பதிவேடு. அஞ்சு வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே என் கையெழுத்து, பாண்டீஸ்வரி, பாண்டீஸ்வரி, பாண்டீஸ்வரி. "இவ்வளவு நல்லா நடக்குறதை ஏம்மா மாத்தணும்கிறீங்க?" என்றார். 

நீங்கள் எத்தனை நாள் வந்தீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் அம்மா தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "நீங்க போங்க டீச்சர், கையெழுத்து நான் போட்டுக்கிறேன்" என்று முதலில் சொன்னது நான்தான். அதை மறைக்க மாட்டேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மாதக் கடைசியில் பதிவேட்டைக் கொண்டுவருவீர்கள். நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் நான் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே எட்டுக் கையெழுத்து போட்டுவிடுவேன். ஒரே பேனாவில் இருந்தால் சந்தேகம் வரும் என்று நீலம் இரண்டு, கறுப்பு ஒன்று என்று மாற்றிப் போட்டதும் என் மூளைதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் பேனா வாங்கிச் செய்திருக்கிறேன்.

மனு கொடுத்திருக்கிறேன். 24-ஆம் தேதி விசாரணைக்கு ஒரு அதிகாரி வருகிறார். நீங்கள் எனக்கு இரண்டு வரி எழுதித் தர வேண்டும். பதிவேட்டில் உள்ளபடி நான் வரவில்லை, இந்தப் பிள்ளையால் வகுப்பில் உட்கார்ந்து படிக்க முடியும். இவ்வளவுதான்.

நதியா உங்களைக் கேட்டாள். 

பாண்டீஸ்வரி

*

வருசநாடு,
21.06.2024

பாண்டீஸ்வரி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். இங்கே ஒரு சின்ன ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கம்பத்துக்கு வீட்டுக்குப் போகிறேன். இந்தப் பக்கம் எனக்கு முப்பத்தெட்டுப் பிள்ளைகள். சில வீடுகளுக்கு பஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். இதையெல்லாம் உங்கள் இரக்கத்துக்காக எழுதவில்லை.

நீங்கள் கேட்ட இரண்டு வரியை என்னால் எழுத முடியாது அக்கா. எங்களுடையது வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. நிரந்தரம் செய்வார்கள் என்று ஆறு வருஷமாகக் காத்திருக்கிறோம். வராத நாளை வந்த நாளாக எழுதினேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் மறுநாள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் உமர் பாருக் உங்களுக்குத் தெரிந்தவர்தான், கம்பத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாதவர். அவரே, "எல்லா டீச்சரும் செய்றதுதானே, நீ மட்டும் எதுக்குத் தலையைக் குடுக்குற?" என்கிறார்.

கூடலூர்ப் பக்கம் எனக்கு நாற்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள், லோயர்கேம்ப்பிலிருந்து சுருளிப்பட்டி வரை. ஒவ்வொரு வீட்டுக்கும் வாரம் இரண்டு நாள் போக வேண்டும் என்றால் எனக்கு வாரத்தில் எத்தனை நாள் வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். இதை மேலே சொன்னபோது, "போட்டோ வந்துருச்சா மேடம்?" என்று மட்டும்தான் திருப்பிக் கேட்டார்கள். வீட்டில் பாடம் நடத்துகிற போட்டோ போகாவிட்டால் சம்பளப் பட்டியலில் பெயர் வராது. அதனால் போட்டோ போனது.

ஆனால் வந்த நாளில் நான் ஏமாற்றவில்லை. கொரோனா நேரத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, பாடத்தாளை எடுத்துக்கொண்டு வந்தேனே, அது பொய்யா? அவளை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தது பொய்யா? அட்டென்டன்ஸ் விளையாட்டு நினைவிருக்கிறதா அக்கா? நான் கட்டிலில் நோட்டை விரித்து உட்காருவேன். தையல் மெஷின் என்று கூப்பிடுவேன், நீங்கள் ஒரு தடவை மெஷினை மிதிப்பீர்கள். ஜீப் என்று கூப்பிட்டால் வாசலில் அவளுடைய அப்பா ஹாரன் அடிப்பார். நதியா என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பேன். முதலில் மனசுக்குள் இருபது எண்ணுவேன், அதன் பிறகுதான் "உள்ளேன் டீச்சர்" வரும். கடைசியாக நான் வந்தபோது பதினான்கிலேயே வந்துவிட்டது. இன்னும் அதை விளையாடுகிறாளா?

செப்டம்பரில் மருத்துவ முகாம் நடக்கும். புதிதாக ஒரு சான்று வாங்கி, அடுத்த ஜூனில் முறைப்படி கேட்கலாம். நானே கூட வந்து நிற்கிறேன். பழைய பதிவேட்டை இப்போது கிளறினால் உங்களுக்கும்தான் சிக்கல், கையெழுத்து உங்களுடையது. பயமுறுத்துகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
பெனாசிர்

*

கூடலூர்,
27.06.2024

பெனாசிருக்கு,

டீச்சர் என்று எழுதக் கை வரவில்லை. வயதில் இளையவள்தானே நீ, அப்படியே எழுதுகிறேன்.

அடுத்த ஜூன் என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டாய். உன் பிள்ளையை, ஒரு வருஷம் வீட்டிலேயே கிடக்கட்டும், அடுத்த ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்? அந்த ஜூனில் நதியாவுக்குப் பன்னிரண்டு முடியும். அதற்கப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துக்காரன் கதவைத் திறப்பான்?

விசாரணை நடந்தது. பெஞ்சில் ஒரு பக்கம் நானும் அவளும், மறுபக்கம் அதிகாரி, ஹெச்.எம்., இதுவரை அவள் பெயர் இருந்த பழைய தொடக்கப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி. பதிவேடு சரியாக இருக்கிறது என்று ஹெச்.எம். சொன்னார், ஆமாம் என்று அந்த டீச்சரும் சொன்னாள். வேலிக்கு ஓணான் சாட்சி.

பிறகு போட்டோக்களை எடுத்து வைத்தார்கள். நவம்பர் 4, 11, 18, 25. நாலு வெள்ளிக்கிழமை. ஒன்றில் நீ எண் அட்டையைப் பிடித்திருக்கிறாய், இன்னொன்றில் பழங்கள் அட்டை, மூன்றாவதில் பந்து. நாலாவதில் அரசாங்கம் கொடுத்த நாற்காலியில் அவளை உட்கார வைத்திருக்கிறாய், அந்த நாற்காலியில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. நாலு தேதிக்கும் ஒரே பச்சைக் கவுன். மிச்சத் துணியில் நான் தைத்தது, இடது தோளில் பட்டன் இல்லாமல் ஊக்கு குத்தியிருக்கும். அந்த ஊக்கு நாலு போட்டோவிலும் அதே இடத்தில் இருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்றால் ரிப்பன் நாலு நிறம். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, நீலம். ஒவ்வொரு போட்டோவுக்கும் ரிப்பனை அவிழ்த்து மாற்றிக் கட்டியது யார்? அவளைப் பெற்றவள்தான். அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம் நாம் மூன்று பேரும், சினிமா எடுக்கிற மாதிரி.

அதிகாரி கேட்டார்.

"கையெழுத்து உங்களுதுதானேம்மா?"

"ஆமா சார்."

"அப்ப டீச்சர் வந்திருக்காங்கதானே?"

இல்லை என்றால் நான் பொய்க் கையெழுத்து போட்டவள். ஆமாம் என்றால் நதியா வீட்டில் இருக்க வேண்டியவள். இரண்டில் எதைச் சொன்னாலும் தோற்பது அவள்தான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சுத்தான் தாமதம், புரிவதில் ஒரு நொடிகூடத் தாமதம் கிடையாது.

"வந்தாக சார்" என்றேன்.

உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னேன். நீதான் எழுதியிருந்தாயே, உங்களுக்கும் சிக்கல் என்று. வீட்டுக்கு வந்ததும் நதியாவின் அப்பா, "சாரமில்ல, விடு" என்றார். குமுளிக்குப் போய்ப் போய் மலையாளத்தில் கற்றுக்கொண்டது, பரவாயில்லை என்கிற அந்த ஒரு வார்த்தைதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பச்சைக் கவுனைக் கத்திரியால் வெட்டிப் போட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அதிகாரி கோப்பைப் புரட்டியபோது அடியில் மருத்துவ முகாமின் தாள் இருந்தது, 2019-ல் எழுதியது. அதில் இரண்டு கட்டத்தில் டிக் இருந்தது. ஒன்றை அடித்துவிட்டு, வேறு மையில் இன்னொன்றில் போட்டிருந்தார்கள். "வீட்டுலயே படிக்கட்டும்னு டாக்டர் எழுதியிருக்காகக்கா" என்று அன்றைக்கு என்னிடம் வந்து சொன்னது நீ. டாக்டர் என்ன எழுதினார்?

பாண்டீஸ்வரி

*

வருசநாடு,
06.07.2024

அக்காவுக்கு,

இது நாலாவது தாள். முதல் மூன்றையும் கிழித்துப் போட்டேன். அவற்றில் என் பக்கத்து நியாயமே நிறைய இருந்தது.

டாக்டர் பொதுப் பள்ளி என்றுதான் எழுதினார். சிறப்பு நாற்காலியும் கழிப்பறைக்குப் போக உதவிக்கு ஒரு ஆளும் இருந்தால் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பாள் என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு வீட்டு வழிக் கல்வியில் டிக் போட்டது நான்.

ஏன் என்று சொல்கிறேன். சொன்னால் மன்னிப்பீர்கள் என்பதற்காக இல்லை.

முதல் வகுப்பில் அவள் பதினொரு நாள் வந்தாள், நினைவிருக்கும். பதினோராவது நாள் நான் அந்தப் பள்ளிக்குப் பார்வையிடப் போனேன். வகுப்பில் பிள்ளைகள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நதியா தரையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இருந்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டிருக்கிறது. வகுப்பாசிரியை ஒரு பக்கெட் தண்ணீரைக் கொண்டுவந்து, அவளை எழுப்பாமல், அவள் உட்கார்ந்திருந்தபடியே ஊற்றினார். தரையைக் கழுவுகிற மாதிரி. அவள் அழவில்லை அக்கா. எல்லாரும் சிரித்தார்கள் என்று அவளும் சிரித்தாள்.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் வீட்டில் விட்டேன். "மழையில நனைஞ்சிட்டாக்கா" என்றேன்.

மறுநாள் அங்கிருந்த ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, "உங்க பிள்ளையை வீட்டு வழியில போட்டுருங்க டீச்சர், எல்லாருக்கும் நல்லது" என்றார். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். மேலே எழுதியிருக்க வேண்டும். உங்களிடமாவது சொல்லியிருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இந்த இடத்தில் இவள் இருக்கவே வேண்டாம் என்று எனக்கும் தோன்றிவிட்டது. உங்களுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பேனாவை எடுத்தேன். ஒரு நிமிஷ வேலை.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பிராயச்சித்தம் செய்கிற மாதிரிதான் வந்தேன். ஆனால் பிராயச்சித்தத்துக்கும் நேரம் கிடைக்கவில்லை. என்னிடம் ஒரு சின்ன டைரி இருக்கிறது. உண்மையில் போன நாளை மட்டும் அதில் குறித்து வைத்திருக்கிறேன், எதற்காக என்று எனக்கே தெரியாது. நதியாவுக்கு எழுபத்தேழு நாள்.

நீங்கள் என்னை எப்படித் திட்டினாலும் அது எனக்குப் பொருந்தும்.  இரண்டு நாளாக அழுதுகொண்டிருக்கிறேன்.

பெனாசிர்

*

கூடலூர்,
15.07.2024

பெனாசிருக்கு,

அன்றைக்கு எங்கள் தெருவில் மழை இல்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் சாரலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் ஒரு தெருவில் பெய்யும், அடுத்த தெருவில் காயும். தலையைத் துவட்டிவிட்டு, "ஆத்தா, மழையில ஆட்டம் போட்டியா?" என்று கேட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். எனக்கு அடுப்பில் வேலை இருந்தது, காத்திருக்கவில்லை. அஞ்சு வருஷம் கழித்து உன் கடிதத்தில் படிக்கிறேன், அவள் என்ன சொல்ல வந்தாள் என்று.

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஜீப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பொம்பளை வீட்டு வாசலுக்குப் போய்விடுவார், அதற்குச் சாரமில்ல என்று சொல்ல மாட்டார்.

எனக்குத் தெரிந்தால் தாங்க மாட்டேன் என்று நீ எப்படி முடிவு செய்தாய்? பெற்றதைத் தாங்கினேன். கழுத்து நிற்காமல் இரண்டு வருஷம் தோளிலேயே சுமந்ததைத் தாங்கினேன். ஒரு பக்கெட் தண்ணீரைத் தாங்க மாட்டேனா? அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்தப் பக்கெட்டோடு போய் அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். மறுநாள் அதே வகுப்பில் என் மகளை உட்கார வைத்துவிட்டு வந்திருப்பேன். நீ செய்தது இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பக்கெட் ஊற்றியவள் ஒரு நாள்தான் ஊற்றினாள். நீ அஞ்சு வருஷம் பூட்டி வைத்தாய்.

இரண்டு வாரமாக நான் தினமும் நதியாவைக் கூட்டிக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறேன். வகுப்புக்குள் விட மாட்டார்கள், வாசலில் இருந்து விரட்டவும் அவர்களுக்குக் கூச்சம். மாற்றுத்திறனாளிகளுக்கு என்று கைப்பிடி வைத்து ஒரு சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். அது ஏறிப்போய் ஒரு கழிப்பறைக் கதவில் முட்டுகிறது. கதவில் பூட்டு, சாவி ஆபீஸில், அதை வாத்தியார்கள் பயன்படுத்துகிறார்கள். சாய்தளத்தில் சைக்கிள்கள் நிற்கின்றன. சைக்கிள்களுக்கு நடுவே நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே ஆறாம் வகுப்பில் நடத்துவது கொஞ்சம் கேட்கும். வெள்ளிக்கிழமை மதியம், "மா, உள்ள எப்ப?" என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். முழுக்கக் காத்திருந்து கேட்டேன்.

அழுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் அழுகையைக் கோப்பில் சேர்க்க முடியாது. டைரியைச் சேர்க்கலாம்.

பாண்டீஸ்வரி

*

வருசநாடு,
29.07.2024

அக்காவுக்கு,

டைரியின் நகலையும் என் வாக்குமூலத்தையும் 19-ஆம் தேதி அந்த அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். டாக்டரின் தாளில் எந்த டிக் யார் போட்டது என்பதையும் எழுதியிருக்கிறேன். பக்கெட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டு விசாரித்தார்கள். நாற்பத்தொரு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். போட்டோ கேட்ட குறுஞ்செய்திகளைக் காட்டினேன். "அதெல்லாம் பொதுவான விஷயம் மேடம், உங்க விஷயத்தை மட்டும் சொல்லுங்க" என்றார்கள். பொதுவான விஷயத்துக்குப் பொறுப்பான ஆள் யாரும் அந்த அறையில் இல்லை. ஆகஸ்ட் ஒன்றிலிருந்து வர வேண்டாம் என்று இன்றைக்குத் தாள் கொடுத்துவிட்டார்கள். பொய்ப் பதிவு செய்ததற்காக. சரியான காரணம்தான்.

இங்கே வாலிப்பாறைப் பக்கம் பிச்சைமணி என்று ஒரு பெரியவர். அவருடைய பேத்திக்குக் காது கேட்கிற கருவி வாங்க வியாழக்கிழமை தேனிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு எனக்கு வேலை இருக்காது. இருந்தாலும் கூட்டிப்போவேன். அடுத்து வருகிற டீச்சருக்கு முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் அது யார் வீடு என்று கண்டுபிடிக்கவே ஆறு மாதமாகும்.

உமர் பாருக் என்னோடு பேசி நாலு நாளாகிறது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள், அது நீதான் என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். பிறகு போனைப் பிரித்து வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

வாக்குமூலத்தில் ஒரே ஒரு பொய் இருக்கிறது. கையெழுத்துப் போடச் சொல்லி முதலில் கேட்டது நான் என்றும், போடாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று உங்களைப் பயமுறுத்தினேன் என்றும் எழுதியிருக்கிறேன். பேனா மாற்றியதும் நான்தான், ரிப்பன் மாற்றியதும் நான்தான். உங்களைக் கூப்பிட்டுக் கேட்டால் நீங்கள் நேர்மையாக எதையாவது சொல்லிவிட வேண்டாம். எனக்காக அந்த ஒரு பொய்யையாவது விட்டுவையுங்கள்.

இனிமேல் கம்பம் முகவரிதான்.

பெனாசிர்

*

கூடலூர்,
23.08.2024

பெனாசிர் டீச்சருக்கு,

உங்களுக்கு வேலை போனது தெரிந்து சந்தோஷப்படலாம் என்று இருந்தேன். வரவில்லை. வருத்தப்படவும் நேரம் இல்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னதற்காக ஒரு தடவை.

போன வாரம் உத்தரவு வந்தது. நதியா ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் நேரில் வந்து படிக்கலாம். பக்கெட் டீச்சருக்கு என்ன ஆனது என்று கேட்டேன், அது வேறு விசாரணை என்றார்கள். அந்த விசாரணை எந்தக் காலத்தில் நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கூட்டிப்போனோம். "செவ்வாக்கெழம போயா பிள்ளையச் சேப்பாக?" என்று என் மாமியார் கேட்டார். அஞ்சு வருஷம் போகாத பிள்ளைக்கு இனி எந்தக் கிழமை என்ன செய்துவிடும்? அவளுடைய அப்பா தூக்கிக்கொண்டு போய் முதல் வரிசை ஓரத்தில் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். உறையை முந்தின நாள்தான் கிழித்தோம். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பள்ளி பொறுப்பில்லை, தாய் நாள் முழுக்க வளாகத்தில் இருப்பார் என்று ஒரு தாளை நீட்டினார்கள். இன்னொரு கையெழுத்து. ஒரே பேனாவில் போட்டேன். உதவிக்கு ஆள் எங்கே என்று கேட்டேன். "நம்ம வட்டாரத்துல இப்ப சிறப்பாசிரியர் இல்லம்மா, இருந்தவங்களை மாத்துனாங்க, இப்ப வேலையை விட்டே எடுத்துட்டாங்க" என்றார் ஹெச்.எம். உண்மையைச் சொல்ல வைத்து நான் வாங்கிய பரிசு அது. கழிப்பறைச் சாவி மட்டும் கிடைத்தது, இடுப்பில் செருகியிருக்கிறேன்.

வகுப்புக்கு வெளியே வராண்டாவில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே அவள் சடை தெரிந்தது. பாடம் தொடங்கும் முன் வாத்தியார் பெயர் கூப்பிட்டார். ஐம்பத்திரண்டு பிள்ளைகள். வேகமாகக் கூப்பிடுவார், ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் மூச்சு விடவும் இடம் இருக்காது. "நதியா" என்றார்.

நான் எண்ண ஆரம்பித்தேன். அவள் கழுத்தைத் தூக்கினாள். தோள் இறுகியது. நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து நோட்டை விரித்திருந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படியே பார்த்தாள். அவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்க்கவுமில்லை, அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பதினான்கு எண்ணி முடித்தேன். "உள்ளேன் டீச்சர்" என்றாள், முழுசாக, ஒரு எழுத்து விடாமல். அதற்குள் அவர் ஏழெட்டுப் பெயர் தாண்டியிருந்தார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "யாரது நடுவுல சத்தம் போடுறது?" என்று அதட்டினார். அவள் சிரிக்கவில்லை டீச்சர். முதல் வகுப்பில் சிரித்தவள் இப்போது சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் போனில் ஒரு மெசேஜ் வந்தது. உங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வரவில்லை என்று. அவளைப் பார்த்துக்கொண்டே அதைப் படித்தேன். அந்த அஞ்சு வருஷத்தில் இப்படி ஒரு மெசேஜ் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. பழைய பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவள்.

உள்ளே போய்ச் சொன்னேன். "பேரு கூப்பிட்டா பதில் வரணும்மா, எனக்கு அம்பத்திரண்டு பேரு இருக்காங்க" என்றார். புதன்கிழமையும் அதே மெசேஜ், வியாழக்கிழமையும் அதே. இன்றைக்கும் வந்துவிட்டது. முந்தாநாள் இரவு சாப்பிடும்போது, "மா, வேகமா சொல்லணும்" என்றாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து பழகுகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. அவள் வேகத்தை அவளால் மாற்ற முடியாது.

நான் சொன்னால் அந்த வாத்தியார் கேட்க மாட்டார், நான் வராண்டாவில் உட்கார்ந்திருக்கிற ஒரு தையல்காரி. எப்படிச் சொல்ல வேண்டும் என்றும் எனக்குத் தெரியாது. அது உங்களுக்குத் தெரியும். எழுபத்தேழு நாளில் நீங்கள் கற்றுக்கொடுத்ததை இங்கே ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், இருபது எண்ணிக் காத்திருக்க வேண்டும் என்று.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வர வேண்டாம். பிளாக்கையும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை கிருஷ்ண ஜெயந்தி லீவு, செவ்வாய்க்கிழமை வாருங்கள். கம்பத்திலிருந்து எட்டே காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டால் அவள் பெயர் வர அதிக நேரம் ஆகாது.

பாண்டீஸ்வரி